பத்தாம் நம்பர் சப்பாத்து

“அக்கா, முப்பத்தொன்பது வெள்ளி சப்பாத்துக்கும் நூத்தி நாப்பது வெள்ளி சப்பாத்துக்கும் நடுவுல நின்னுக்கிட்டு அரை மணி நேரமா யோசிக்கிறீங்க. அண்ணன் என்ன வேலை செய்றாரு? அதச் சொல்லுங்க, நான் எடுத்துத் தாரேன்.”

சுகுமாரன் சலிப்பில்லாமல்தான் கேட்டான். மலேசியாவின் பீடோங் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த அந்தச் சப்பாத்துக் கடையில் பிற்பகல் மூன்றரை மணிக்கு வேறு ஆளில்லை. குணவதி காலை சிஃப்ட் முடிந்து, கையுறை ஃபேக்டரியின் நீலச் சட்டையோடு நேராக வந்திருந்தாள். வயது நாற்பத்தேழு.

“லோரி ஓட்டுறாரு,” என்றாள், கொஞ்சம் தாமதித்து.

“சைஸ்?”

“பத்து.”

“பெரிய காலுதான். ஒயரமான ஆளா?”

“ஆமா, ஒயரம்.”

சுகுமாரன் மலிவானதை எடுத்து நீட்டினான். “இது அசல் தோலு இல்லக்கா. பார்வைக்கு நல்லாத்தான் இருக்கும்.”

“வெயில்ல கெடந்தா?”

“மூணு மாசத்துல உரிய ஆரம்பிச்சிரும்.”

“போன தடவ வாங்குனதும் அப்படித்தான் ஆச்சு தம்பி. அடி புதுசு மாதிரியே இருந்துச்சு. மேல மட்டும் பொரிப் பொரியா உதிர்ந்து போச்சு.”

சுகுமாரன் சிரித்தான். “ஊருல எல்லாருக்கும் அடிதான் மொதல்ல தேயும். அண்ணன் காத்துல நடக்கிறாரா?”

குணவதி மற்றதை எடுத்துப் பார்த்தாள். நல்ல கனம். கணுக்கால்வரை ஏறிய கறுப்பு பூட்ஸ்.

“அது மாட்டுத் தோலு. முன்னால இரும்பு வச்சது. உள்ள கைய விட்டுப் பாருங்க, மெத்துன்னு இருக்கும். நாள் முழுக்கப் போட்டாலும் கால் வலிக்காது.”

அவள் உள்ளே கையை விடவில்லை. மேல்தோலைத்தான் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள்.

“மழைச் சாரல் அடிச்சா?”

“துணியால தொடச்சா போதும். ரெண்டு வருசத்துக்கு அசையாது.”

“இவ்வளவு வெலையில வாங்கி வாசல்ல போட்டா, எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவானே.”

“உள்ள எடுத்து வச்சிக்கச் சொல்லுங்கலா.”

“இல்ல தம்பி. வெளியதான் கெடக்கணும்.”

“எங்க அம்மாவும் அப்படித்தான். சப்பாத்து வாசப்படி தாண்டக் கூடாது. சாமி வீடும்பாங்க.” அவன் குரலைத் தணித்தான். “நீங்க அண்ணனையே ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வாங்களேன். போட்டு நடந்து பார்த்து வாங்குனா நல்லதுதானே?”

“அவரு கடைகண்ணிக்கெல்லாம் வர மாட்டாரு.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஃபேக்டரியில் மெஷின் இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது. பஸ்ஸில் ஏறினால் ஆளுக்கொரு கைப்பேசியில் குனிந்திருப்பார்கள். ஒருவர் எதிரே நின்று, அவள் முகத்தைப் பார்த்து, இத்தனை கேள்வி கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. அவளுக்குப் பேச்சை விட மனம் வரவில்லை.

“அதிகம் பேசவும் மாட்டாரு. ஆனா ஒரு சத்தம் போட்டா மூணாவது வீட்டுக்குக் கேக்கும். எனக்கு ஒண்ணுன்னா சும்மா விட மாட்டாரு.”

சொல்லி முடித்ததும் அவள் முகம் சிவந்துவிட்டது. பூட்ஸின் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள்.

“குடுத்து வச்ச மனுசன்கா,” என்றான் சுகுமாரன். “இங்க வர்றவங்கள்ல பாதிப் பேரு, ‘அந்த ஆளுக்கு இது போதும்’னு மலிவானதத் தூக்கிட்டுப் போயிருவாங்க. நீங்க இம்புட்டுப் பார்த்துப் பார்த்து வாங்குறீங்க.”

குணவதி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு இரண்டு சப்பாத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“ஒண்ணு மட்டும் சொல்லு தம்பி. பார்க்கிறவங்க என்ன நெனைப்பாங்க?”

அவன் இடுப்பில் கை வைத்து நிதானமாகப் பார்த்தான். “இதப் பார்த்தா, ஆபீஸ்ல கையெழுத்துப் போடுற ஆளும்பாங்க. இந்த பூட்ஸப் பார்த்தா, இவன்கிட்ட வம்பு வச்சிக்கக் கூடாதும்பாங்க.”

“அப்ப இதையே குடு.”

பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டு வரிசையில் அவளுடையது கடைசி வீடு. மத்தியான மழையில் கேட்டுக்குள் கால்வாய் ஓரம் சேறாகக் கிடந்தது. கேட்டைச் சாத்திவிட்டு இரண்டு பக்கமும் பார்த்தாள். தெருவில் யாருமில்லை. படியில் உட்கார்ந்து தன் சிலிப்பரைக் கழற்றினாள். புது பூட்ஸைத் தானே காலில் மாட்டினாள்.

கால் உள்ளே லொடலொடவென்று ஆடியது. விழுந்துவிடாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு, கால்வாய் ஓரச் சேற்றில் அங்கும் இங்கும் பத்துத் தடவை நடந்தாள். புதுசின் பளபளப்பு போகுமட்டும் நடந்தாள். பிறகு கழற்றிக் கம்பிக் கதவின் முன்னே போட்டாள். ஒன்று நேராகவும் ஒன்று சற்றுச் சாய்ந்தும் கிடந்தன, களைத்து வந்தவன் உதறிவிட்டுப் போனதுபோல.

பழைய ஜோடியைத் தூக்கி எறிந்து வாசல் வெறுமையாகக் கிடந்த இந்த ஒரு வாரத்தில்தான், சமையல் கேஸ் இறக்க வந்தவன் உள்ளே எட்டிப் பார்த்து, “வீட்டுல வேற யாரும் இல்லையா ஆன்ட்டி?” என்று கேட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றான். குணவதி பூட்டைத் திறந்து உள்ளே போய் மறுபடி பூட்டிக்கொண்டாள். கல்யாணமே ஆகாத அவள், தனக்கு மட்டும் ஒரு பிடி அரிசி களைந்து அடுப்பில் வைத்தாள்.