நான்கு பேருக்குப் போதுமானது

“ஸார், உங்க கதையைப் படிச்சுட்டு ராத்திரி பாத்ரூமுக்குக்கூடத் தனியா போகலை. லோட்ஷெட்டிங்னு கரண்ட் வேற இல்லை! ஆத்துக்காரியை எழுப்பி வாசல்ல காவல் நிக்க வச்சேன்.”

பேராசிரியர் சேஷாத்ரி சோபாவில் உட்காருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டார். கல்கத்தா பாலிகஞ்ச் ஃப்ளாட்டின் மொசைக் தரையில் வெங்கடநாராயணனுக்குக் கால் பாவவில்லை.

பின்னே? கிடர்பூர் துறைமுக அலுவலகத்தில் பகலெல்லாம் ஃபைல் பார்த்துவிட்டு, சாயங்காலமானால் பேய்க் கதை எழுதுகிற மனிதர் அவர். மெட்ராஸ் வார இதழ் ஒன்றில் வருஷக்கணக்காக வந்துகொண்டிருக்கிறது. என்ன பிரயோஜனம்? இதுவரை ஒரு பூனைகூடப் பயந்ததில்லை. “உங்க பேயைப் பார்த்தா பாவமா இருக்கு மாமா, கூப்பிட்டு ஒரு வாய் சாதம் போடலாம் போல இருக்கு” என்று மாடிவீட்டு கோமதி முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை தமிழ் மன்றத்து ஆண்டு விழா. கல்கத்தாவிலேயே இருந்து எழுதுகிற ஒருவருக்கு மேடையில் பொன்னாடை போர்த்துவார்கள். யாருக்கு என்று முடிவு செய்பவர் சேஷாத்ரி. அதற்காகவே, இதழ்களிலிருந்து கிழித்து வைத்திருந்த கதைகளை வெங்கடநாராயணன் மனைவியிடம் கொடுத்துப் பைண்டு செய்து வாங்கச் சொன்னார். புத்தகம் வீட்டுக்கு வந்த சூட்டோடு, தான்கூடப் புரட்டிப் பார்க்காமல், சேஷாத்ரிக்குக் கொடுத்தனுப்பினார்.

“ஜகதா, ஸார் வந்திருக்கார். காபி!” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

அவர் மனைவி ஜகதாம்பாளும் அதே இதழில் அவ்வப்போது ஒரு பக்கம் எழுதுகிறவள்தான். ஆனால் அதையெல்லாம் எழுத்து என்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. “பொழுது போகாம பண்றா” என்பார்.

“எது ஸார் ரொம்பப் பயமா இருந்தது?” என்று ஆசையாகக் கேட்டார்.

“அந்தப் பூட்டின பங்களா கதை! கதவுக்குப் பின்னாடி யாரோ மூச்சு விடற சத்தம். இவன் தாழ்ப்பாள்ல கை வைக்கறான். நான் பக்கத்தைத் திருப்பறேன். அலறல் இல்லை, ரத்தம் இல்லை. ‘தோலைச் சீவி, விரல் நீளத் துண்டுகளாக நறுக்கித் தண்ணீரில் போடவும், இல்லாவிட்டால் கறுத்துவிடும்.’ அப்பப்பா, என்ன நிதானம்! கொலைகாரன் நம்ம காதுல வந்து சொல்ற மாதிரி இருக்கு.”

வெங்கடநாராயணன் விழித்தார். அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து அவர் ஒரு வௌவாலைத்தான் பறக்கவிட்டிருந்தார். இந்த வரியை எப்போது எழுதினோம்? பத்திரிகை ஆசிரியர் கை வைத்திருப்பாரோ? வைத்தால் வைக்கட்டுமே, பெயர் நம்முடையதுதானே!

“அது... எழுதறச்சே தானா வந்து விழுந்துடுத்து” என்றார் அடக்கமாக.

“அந்த ஜமீன்தார் கதையில, ‘கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வெட்டவும். அப்போதுதான் அரிக்காது.’ அரிக்கறது கையா ஸார்? மனசாட்சி!”

“ஆமாமா, மனசாட்சிதான்.”

சமையலறையில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்து உருண்டது.

“ஹௌரா ஸ்டேஷன்ல அனாதையாக் கிடக்கற டிரங்குப் பெட்டி. உள்ளேர்ந்து தட்டற சத்தம். அங்கே போடறேள் ஒரு போடு: ‘சத்தம் முழுவதும் அடங்கும்வரை மூடியைத் திறக்கக் கூடாது.’ எனக்கு வேர்த்துக் கொட்டிடுத்து! கதையைக்கூட நீங்க நேரா சொல்லலை. ஒண்ணு பாதியில நிக்கறது, இன்னொண்ணு நடுவுலேர்ந்து ஆரம்பிக்கறது. வெளிநாட்டுல இப்பத்தான் இப்படியெல்லாம் எழுதறா.”

வெங்கடநாராயணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படியெல்லாம் செய்ததாக அவருக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. இருந்தாலும் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. கடைசியில் ஒரு மனுஷன் பயந்துவிட்டார்!

“புத்தகத்தோட கடைசி வரி இருக்கே, அதுதான் என்னைத் தூங்கவே விடலை. ‘இது நான்கு பேருக்குப் போதுமானது.’ நாலு பேர் ஸார்! தூக்கிண்டு போறதுக்கு நாலு பேர்!” சேஷாத்ரி கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். “பொன்னாடை இந்த ஆத்துக்குத்தான், சந்தேகமே இல்லை. ஒரே ஒரு கண்டிஷன். இந்த வரிகளையெல்லாம் எழுதினவாளே மேடையேறிப் படிக்கணும்.”

ஜகதாம்பாள் காபியுடன் வந்தாள். சிரிப்பை அடக்கி அடக்கி அவள் முகம் சிவந்திருந்தது. டபராக்களை வைத்துவிட்டு, கக்கத்தில் இடுக்கியிருந்த இன்னொரு பைண்டுப் புத்தகத்தைக் கணவர் மடியில் போட்டாள்.

“என்னது இது?”

“பைண்டர் கொடுத்த ரெண்டாவது வால்யூம். என்னோடதுன்னு நெனச்சு, துவையலுக்கு அளவு பார்க்கலாம்னு இப்பத்தான் பிரிச்சேன். அடுத்த பக்கத்துல உங்க வௌவால் பறக்கறது! கிழிச்சு வச்ச உங்க பக்கங்களையும் என் பக்கங்களையும் ஒரே பையிலதான் கொடுத்தேன். காலேஜ் ஸ்ட்ரீட் பெங்காலி பைண்டருக்குத் தமிழ் எங்கே தெரியும், பாவம்! பக்க நம்பரை மட்டும் பார்த்து வரிசையா அடுக்கித் தைச்சுட்டார்.”

சேஷாத்ரியின் கையில் காபி அந்தரத்தில் நின்றது. “அப்போ அந்த விரல் நீளத் துண்டு?”

“வாழைக்காய் வறுவல்.”

“மனசாட்சி?”

“சேனைக்கிழங்கு.”

“அந்த நாலு பேர்?”

“மிளகு ரசம். எல்லாம் என் சமையல் பக்கம்தான் ஸார்” என்ற ஜகதாம்பாள், கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அந்தப் பொன்னாடை என்ன கலர்னு மட்டும் முன்னாடியே சொல்லிடுங்கோ, ஞாயித்துக்கிழமை அதுக்கு மேட்சா புடவை கட்டிண்டு வந்துடறேன்.”