அவருக்குப் பிடித்திருக்கும்

அந்தச் சின்ன அரங்கில் இருப்பதிலேயே நல்ல இருக்கையில் எழுத்தாளரின் புகைப்படத்தை உட்கார வைத்திருந்தார்கள். அவருடைய மனைவிக்கு அதற்குப் பக்கத்தில், ஏசி நேராக முகத்தில் அடிக்கும் இடம் கிடைத்தது.

அவர் பெயரில் வந்த நாவலை வைத்து எடுத்த படம் முடிந்து விளக்கு எரிந்ததும் இயக்குநர் ஓடி வந்தார். முதலில் புகைப்படத்துக்கு ஒரு பெரிய வணக்கம். அப்புறம்தான் மனைவி பக்கம் திரும்பினார்.

"சார் இருந்திருந்தா என்னம்மா சொல்லியிருப்பார்?"

இயக்குநர் இப்படிப் பதறியதற்குக் காரணம் இருந்தது. வெள்ளிக்கிழமை படம் வெளியாக வேண்டும். 'படம் எனக்குத் திருப்தி' என்று எழுத்தாளர் கைப்பட எழுதிக் கொடுத்தால்தான் வெளியிடலாம் என்பது ஒப்பந்தம். அவரோ நாலு மாதத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். 'அவருக்குப் பிடித்திருக்கும்' என்று மனைவி கையெழுத்துப் போட்டால் போதும் என்று வக்கீல் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அந்தக் கடிதம் தட்டச்சாகி, அட்டையில் செருகப்பட்டு, தயாரிப்பாளரின் மடியில் தயாராகக் காத்திருந்தது.

"டைட்டில்ல அவர் பேரு ஹீரோ பேரை விடப் பெருசா வந்துதே, அது ரொம்பப் பிடிச்சிருக்கும்" என்றார் அந்த அம்மாள்.

இயக்குநருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நெருப்பு நாகம் எப்படிம்மா? நாவல்ல ஒரு தலைதான். நாங்க ஏழு வெச்சோம்."

"ஏழும் ஒரே மாதிரி முறைச்சுதே. கை தட்டியிருப்பார்."

"அது ஒரு பாட்டுக்கு ஆடுதே, அது?"

"விசிலே அடிச்சிருப்பார்."

அரங்கமே சிரித்தது. தயாரிப்பாளர் பேனாவின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டார்.

இயக்குநருக்குத் தைரியம் கூடிவிட்டது. "ஒண்ணே ஒண்ணுதாம்மா மனசுல உறுத்திக்கிட்டு இருந்துது. அந்தச் சமையல்காரியைத் தூக்கிட்டோம்."

நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும். கோட்டையை எரிக்க வரும் நாகத்தை, தினமும் ஒரு கதை சொல்லித்தான் தூங்க வைப்பார்கள். மதில் மேல் நின்று ராஜா வாயைத் திறந்து திறந்து மூடுவார். கதையும் குரலும் பின்னால் திரைக்குள் உட்கார்ந்திருக்கும் அரண்மனைச் சமையல்காரியுடையவை. ஊர் மொத்தமும் ராஜாவைக் கொண்டாடும். படத்தில் திரையும் இல்லை, அவளும் இல்லை. ராஜாவே கதை சொல்லி, போதாக்குறைக்கு ஏழு தலையையும் அவரே வெட்டுகிறார்.

"ஒரு வேலைக்கு எதுக்கும்மா ரெண்டு பேர்? பாக்கறவங்க குழம்பிடுவாங்க. அவ இல்லாமலே கதை எப்படி ஓடுது பாத்தீங்களா!"

"இப்ப வருவா, இப்ப வருவான்னு கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார் அந்த அம்மாள். அவர் கண்கள் நிறைந்துவிட்டன. இயக்குநர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். எதையும் பாராட்டாக எடுத்துக்கொள்வது அவர் துறையில் ஒரு பயிற்சி.

"சின்ன கேரக்டர்தானேம்மா. சார் என்ன சொல்லியிருப்பார்?"

அம்மாள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவளைத் தூக்கினதுதான் அவருக்கு எல்லாத்தையும் விடப் பிடிச்சிருக்கும்."

தயாரிப்பாளர் எழுந்தே விட்டார். "அப்புறம் என்னம்மா? இதுல ஒரே ஒரு கையெழுத்து."

அந்த அம்மாள் கடிதத்தை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, வரி விடாமல் நிதானமாகப் படித்தார். நடுவில் ஒரு வாக்கியத்தை அடித்துச் சின்னதாக்கினார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு வந்ததும் பேனாவை மூடி, கடிதத்தோடு சேர்த்துத் தயாரிப்பாளரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"என்னம்மா இது?" இயக்குநர் கடிதத்தை எட்டிப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை ரிலீஸ்மா! சாருக்குப் பிடிச்சிருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அவருக்குப் பிடிச்சிருக்கும்தான், தம்பி. எழுதின எனக்குத்தான் பிடிக்கலை."