சத்தம் போட்டுப் படிப்பது

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் அந்த வாரம் துன்பத்தைச் சொல்லும் தொடர்கள் நடந்தன. வீட்டில் சத்தம் போட்டுச் சொன்னால்தான் நாக்குத் திரும்பும் என்றாள் டீச்சர். பூங்கோதைக்கு அது வசதியாகப் போயிற்று. அவள் கணவன் கருணாகரன் இங்கிலீஷில் ஒரு வார்த்தை பேசி அவள் கேட்டதில்லை. அவன் சாப்பிடும்போது எதிரே நின்று, பாடம் ஒப்பிக்கிற ராகத்திலேயே, அவனிடம் படும் பாட்டையெல்லாம் அந்த மொழியில் கொட்டினாள். உயிரோடு நரகத்தில் இருக்கிறேன் என்றாள். பொறுமை தீர்ந்து கயிற்றின் நுனிக்கு வந்துவிட்டேன் என்றாள். வெள்ளிக்கிழமை அம்மா வீட்டுக்குப் போனால் திரும்பமாட்டேன் என்பதைக்கூட ஒரு வாக்கியமாக்கிச் சொல்லிவிட்டாள். அவன் ரசஞ்சோற்றைப் பிசைந்தபடி, "நல்லாப் படி" என்பான்.

வியாழக்கிழமை மதியம் முட்டை ஓட்டின்மேல் நடப்பதுபோலப் பயந்து பயந்து இந்த மனிதனோடு வாழ்கிறேன் என்று சொல்ல ஆரம்பித்தாள். "வாக்கிங் ஆன்..." என்றவளுக்கு அடுத்த சொல் வரவில்லை.

"எக்ஷெல்ஸ்" என்றான் கருணாகரன், இலையிலிருந்து தலையைத் தூக்காமல். டீச்சரைவிடச் சுத்தமான உச்சரிப்பு.

மோர்ச் சொம்பைச் சாய்க்கப் போனவள் நிமிர்த்திப் பிடித்தாள்.

"ஊத்து" என்று சோற்றில் குழி பறித்தான். "ஏன் நிறுத்திட்ட? வெள்ளிக்கிழமையப் பத்திச் சொல்லுவியே, அதைச் சொல்லு."