ஏரிக்கு மேலே ஒரு மேதை

"நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு பொருந்துது மேடம்!" என்று திரையைத் தட்டினேன். குடிநீர் நிலையத் தலைமைப் பொறியாளர் பேனாவைக் கையில் எடுத்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவர் கையெழுத்திட்டால், ஏரித் தண்ணீரை ஊருக்குத் திறப்பதா மூடுவதா என்பதை இனி என் கணக்கீடுதான் முடிவு செய்யும். பாசி மிஞ்சிய நாளில் தப்பாகத் திறந்தால், ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடும். நேற்றெல்லாம் கண்ணாடி முன் நின்று இந்தப் பேச்சை ஒத்திகை பார்த்ததில் எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

"ஏரி முழுக்கச் சேறு. எது சேறு, எது பாசின்னு மேல சுத்துற செயற்கைக்கோளுக்கு எப்படிங்க தெரியும்?"

"பாசியில இருக்கிற நிறமி சிவப்பு ஒளியை முழுங்கிடும் மேடம். எவ்வளவு முழுங்குதுன்னு கணக்குப் போடுற சூத்திரம் என்னுது." 'என்னுது' என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

"ஏரித் தண்ணியோட ஒப்பிட்டுப் பாத்தீங்களா?"

"வாராவாரம்!"

ஏரியில் அதே பத்து இடங்களில் படகோட்டி அண்ணன் தண்ணீர் பிடித்து வருவார், ஆய்வகம் அளந்து சொல்லும். என் பெருமையை அவரும் பார்க்கட்டுமே என்று எந்த இடத்தில் எவ்வளவு பாசி என்று என் சூத்திரம் காட்டும் வரைபடத்தை முன்கூட்டியே அவருடைய கைப்பேசிக்கு அனுப்பிவிடுவேன்.

ஆரம்பத்தில் ஒன்றுகூட ஒத்துவரவில்லை. என் சூத்திரத்தில் தப்பு இருக்குமா என்ன? "படத்துல இங்க பாசி நெறஞ்சு கெடக்கு, நீங்க வெறும் சேத்துத் தண்ணியைக் கொண்டாந்திருக்கீங்க! ஒழுங்கா எடுங்கண்ணே" என்று அவரைத்தான் காய்ச்சி எடுத்தேன். மறுவாரமே எல்லாம் பொருந்திவிட்டது. ஒரு மனிதரைத் திருத்திவிட்டோம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

"இன்னைக்கு எடுத்த தண்ணியையும் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுறேன்" என்றார் பொறியாளர்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, படகோட்டி பெட்டியோடு உள்ளே வந்தார். திறந்தால் பத்து பாட்டிலும் காலி. என் மானம் கப்பலேறியது.

"என்னண்ணே, ஏரிக்கே போகலையா?" என்று பல்லைக் கடித்தேன்.

அவர் பொறியாளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"இந்த வாரப் படத்தை நீங்க அனுப்பவே இல்லையே சார்... எந்த பாட்டில்ல எவ்வளவு பாசி கலக்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"