மஞ்சள் வட்டம்

"வாத்தியாரே, இது செத்துடுச்சா, உயிரோட இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

லேப்டாப்பை அப்படியே அவன் பக்கம் திருப்பினாள். திரையில் ஒரு சின்ன மஞ்சள் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. காலையில் அவள் வந்ததிலிருந்து அதே சுற்றல்தான். பில்ட், அதாவது ஆப்பைத் தானாக ஓட்டிப் பார்க்கும் சோதனை, தோற்றிருந்தால் சிவப்பு வந்திருக்கும், ஜெயித்திருந்தால் பச்சை. இரண்டுமில்லாமல் இது அவள் பிராணனை வாங்கியது.

வாத்தியார் என்பது அலுவலகம் அவனுக்கு வைத்த பெயர். கேள்வி ஒரு வரி என்றால் விளக்கம் ஒரு பக்கம் வரும். வெள்ளிக்கிழமையோடு அவன் வேறு ஊர்க் கிளைக்குப் போகிறான். பில்ட் வேலையை இனி அவள்தான் பார்க்க வேண்டும். போகாதீர்கள் என்று வாய்வரைக்கும் வந்ததை மூன்று நாளாக விழுங்கிக்கொண்டிருந்தாள். மாற்றலை அவனே கேட்டு வாங்கினான் என்று தெரிந்த பிறகு எப்படிச் சொல்வது?

"என்னென்ன பண்ணிப் பார்த்தீங்க?"

"நிறுத்திட்டு மறுபடி ஓட்டினேன். நேத்து எழுதினதை எடுத்துட்டு ஓட்டினேன். திட்டியும் பார்த்தேன்."

"திட்டினதுக்கு என்ன சொல்லுச்சு?"

"மரியாதையா கேட்டுக்கிட்டு மறுபடி சுத்துது."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது.

"நாம ஒரு வரி மாத்தினாக்கூட, நம்ம ஆப்பை மூணு வாடகை மெஷின்ல தானா ஓட்டிப் பார்க்கும், இல்லையா? ஒவ்வொண்ணுலயும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட ஒவ்வொரு வெர்ஷன். அந்தப் பட்டியல் இதோ. ரெண்டு பச்சையாயிடுச்சு. மூணாவதுதான் நிக்குது. அது இருக்கறதுலயே பழைய வெர்ஷன். வாடகைக்கு விடறவங்க அதை ஒண்ணாம் தேதியோட நிறுத்திட்டாங்க."

"அப்ப இல்லைன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"அங்கதான் அழகே இருக்கு. இந்தப் பேர்ல யாராவது இருக்கீங்களான்னு இது கூப்பிடுது. அந்தப் பேர்ல ஒரு மெஷினும் இல்லை. இல்லைன்னு சொல்றதுக்கும் ஒரு ஆள் வேணுமே. அதனால வரிசையிலயே நின்னுக்கிட்டிருக்கு."

"அம்மா கூப்பிடும்போது எங்க அப்பா இப்படித்தான். வீட்டுல இருக்காரா, இல்லையான்னே தெரியாது."

"அவரை மாத்த முடியாது. வெர்ஷன் நம்பரை மாத்துங்க."

மாற்றினாள். நான்கே நிமிடத்தில் மூன்றும் பச்சை.

"மாசம் ஒரு தடவை வாடகைக்கு விடறவங்களோட அறிவிப்பைத் திறந்து பாருங்க. எது எப்ப நிக்கப்போகுதுன்னு முன்னாடியே சொல்லிடறாங்க. நாமதான் படிக்கறதில்லை."

குறித்துக்கொண்டாள். பிறகு தலையைத் தூக்காமலேயே கேட்டுவிட்டாள்.

"ஏன் போறீங்க?"

அவன் லேப்டாப்பை அவள் பக்கமே திருப்பி வைத்தான்.

"ஒருத்தங்களுக்கு மெயில் போட்டேன். கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டு. ரெண்டு மாசமாச்சு, பதில் இல்லை. தினமும் அவங்க முகத்துல முழிக்கக் கஷ்டமா இருக்கு."

அவள் குறிப்பை மூடினாள். மேல்மாடி டிசைனராகத்தான் இருக்கும். லிஃப்டில் இவனோடு விழுந்து விழுந்து சிரிக்கிறவள்.

"நேர்ல கேட்டிருக்கலாமே?"

"சொல்ல விருப்பமில்லாதவங்களைப் போட்டு நோண்டக் கூடாதுங்க. இன்னும் எப்பவும்போல சிரிச்சுப் பேசறாங்க. அதுவே பெரிய விஷயம்."

அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. யாரையாவது கட்டிக்கொண்டு இந்த மனுஷன் நன்றாக இருக்கட்டும்.

"சரியான அட்ரஸுக்குத்தான் போட்டீங்களா?"

"அவங்க சொந்த அட்ரஸுக்குத்தான். தப்பா இருந்தா திரும்பி வந்திருக்குமே."

"மெயில் பெட்டி இருந்தா திரும்பி வராது. திறக்கத்தான் ஆள் இருக்காது. மெஷினுக்கு அவ்வளவு பாடம் எடுத்தீங்க, இது தெரியலையா? காட்டுங்க."

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். காதுவரை சிவந்துபோய், அந்த மெயிலைத் திறந்து, ஃபோனை மேஜைமேல் அவள் பக்கம் தள்ளினான்.

பெறுநர் முகவரியை அவள் இரண்டு முறை படித்தாள். அப்புறம் அவன் அனுமதியெல்லாம் கேட்கவில்லை. மெயிலை மறுபடி அனுப்பும் பக்கத்தைத் திறந்து, பெறுநர் இடத்தில் வேறொரு முகவரியைத் தட்டினாள்.

"பாஸ்வேர்டு மறந்துபோய் நான் அந்த அட்ரஸை விட்டே ரெண்டு வருஷமாச்சு. இப்ப இருக்கறது இதுதான், அனுப்புங்க. பதில் ரெடியா இருக்கு."