தம்பியைவிட ஒருபடி மேலே

அண்ணன்காரர் மொட்டை மாடிப் படிகளில் வேகவேகமாக ஏறினார். முழங்கால் வலி அன்றைக்கு மட்டும் விடுப்பு எடுத்துக்கொண்டது.

கீழே கொல்லைப்புறத்தில் வேலை முடிந்துவிட்டது. கல் பாவிய தரை, கூரை வேயாமல் விட்டங்கள் மட்டும் ஓடும் மரப்பந்தல், அடுப்பு மேடை, கல்மேசை, வளைந்த பெஞ்சு, பந்தல் கால்களில் ஒரே மாதிரி விளக்குகள். கொத்தனார் கடைசிக் கல்லைத் தட்டி உட்கார வைத்துவிட்டுக் கை கழுவப் போயிருந்தார். கல்யாண மண்டபம்கூட இத்தனை லட்சணமாக இருக்காது என்று அண்ணன்காரர் நினைத்துக்கொண்டார்.

இனி ஒன்றுதான் பாக்கி. மதிலுக்கு அந்தப் பக்கம் தம்பிக்காரன் என்னத்தைக் கட்டிக் கிழித்திருக்கிறான் என்று மேலிருந்து பார்த்து, வயிறாரச் சிரிக்க வேண்டும்.

அப்பா விட்டுப்போன ஒரே மனையில் ஆளுக்கொரு வீடு. கொல்லைப்புறம் மட்டும் பொதுவாக இருந்தது. யாருடைய வண்டியை நிழலில் நிறுத்துவது என்று தொடங்கிய வாய்ச்சண்டை, கொல்லைப்புறத்தின் நடுவே ஒன்றரை ஆள் உயரத்துக்கு மதிலாக எழும்பியது. அன்றே அண்ணன்காரர் வீட்டில் உத்தரவு போட்டார். அந்த வீட்டு ஆட்களோடு இனி யாருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அதில் அடிபட்டது அவர் மனைவிதான்.

ஓரகத்திகள் இருவரும் அந்தக் கொல்லைப்புறத்தில் ஒன்றாகத் துணி உலர்த்தி, ஒன்றாகக் காய் நறுக்கி, புருஷன்மார்களை ஒன்றாகக் கேலி செய்தவர்கள். மதில் வந்தபிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டில் சிரிப்புச் சத்தம் நின்றுபோயிற்று. அவர் பார்த்தும் பாராததுபோல இருந்துவிட்டார். இறங்கி வந்தால் தம்பிக்கு முன்னால் தலை குனிந்ததாகிவிடாதா?

பிறகு ஒருநாள் அவளே வந்து கேட்டாள். கொல்லைப்புறத்தில் உட்கார, சமைக்க, சாப்பிட என்று எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற மாதிரி ஓர் இடம் வேண்டும். அந்த வீட்டிலும் கட்டப் போகிறார்களாம் என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனாள்.

அது போதாதா அவருக்கு. சட்டையை மாட்டிக்கொண்டு, தம்பி பேசி வைத்திருந்த அதே கொத்தனாரிடம் போய் நின்றார். வேறு ஆளிடம் கொடுத்தால் அந்தப் பக்கத்துச் சங்கதி எப்படித் தெரியவரும்? காலையில் அங்கே, சாப்பாட்டுக்கு மேல் இங்கே என்று ஏற்பாடு. தம்பிக்காரனும் லேசுப்பட்டவன் இல்லை, அவனும் கொத்தனாரின் வாயைக் கிளறினான். அவன் சாம்பல் நிறக் கல் என்றால் இவரும் சாம்பல் நிறக் கல். இவர் பந்தலை உயர்த்தினால் அவனும் உயர்த்தினான். ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல் உயர்த்தி, கடைசியில் இரண்டு பந்தலும் மதிலுக்குச் சற்றுக் கீழே ஒரே மட்டத்தில் நின்றன. ஆனால் எட்டிப் பார்ப்பது மட்டும் இல்லை. பார்ப்பதை அவன் பார்த்துவிட்டால் மானம் போய்விடுமே.

அளவு விஷயமெல்லாம் மனைவி பார்த்துக்கொண்டாள். மேசையை மதிலோடு ஒட்டிப் போடச் சொன்னாள். பெஞ்சும் வளைந்து போய் மதிலில் முட்டியது. இது என்ன கணக்கு என்று அண்ணன்காரர் கேட்டபோது கொத்தனார் நிமிரவில்லை.

"அம்மா சொன்ன அளவு சார். எனக்கு எதுக்கு வம்பு?"

இப்போது அவர் மாடியின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

சிரிப்பு வரவில்லை.

இந்தப் பக்கத்து அரைவட்டப் பெஞ்சு, அந்தப் பக்கத்து அரைவட்டத்தோடு சேர்ந்து முழு வட்டமாகக் கிடந்தது. இந்தப் பாதி மேசைக்கு அந்தப் பாதி மேசை. பந்தல் விட்டங்கள் ஒரே நேர்க்கோட்டில் ஓடின. அடுப்பு மேடை இந்தப் பக்கம் இருந்தது, பாத்திரம் கழுவும் தொட்டி அந்தப் பக்கம் இருந்தது. நடுவில் மதில், துணி தைத்து முடித்தும் பிரிக்காமல் விட்ட ஓட்டுத்தையல் மாதிரி வேலையில்லாமல் நின்றது.

அண்ணனும் தம்பியும் வீம்புக்கு வீம்பு கட்டிக்கொண்டிருந்த நாளெல்லாம், ஓரகத்திகள் இருவரும் கொத்தனாரைத் தூதுவிட்டு, ஒரே ஓர் இடத்தைக் கட்டி முடித்திருக்கிறார்கள்.

எதிர் மாடியில் தம்பிக்காரன் நின்றிருந்தான். அவனும் பேயறைந்தவன் மாதிரி கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மதிலடியில் அவர் மனைவி. முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். கையில் கொத்தனாரின் சம்மட்டி.

யாரைக் கேட்டு இதெல்லாம் என்று அவர் மேலிருந்து கத்தினார்.

அவள் நிதானமாக அண்ணாந்து பார்த்தாள்.

"மதில் கட்டுறப்ப எங்களை யாராவது கேட்டீங்களா?"

அப்போதே மதிலுக்கு அந்தப் பக்கம் முதல் அடி விழுந்தது. தம்பி மனைவிக்கு எப்போதுமே அவசரம். இந்தப் பக்கத்துப் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. அவர் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சம்மட்டியை ஓங்கினாள்.

அவருக்குக் கோபம் வந்தது. வெட்கமாகவும் இருந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டதில், சொல்லக் கூடாது, சந்தோஷமாகக்கூட இருந்தது.

நிமிர்ந்தார். தம்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். மதில் வந்தபிறகு இருவரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்வது அதுதான் முதல் தடவை.

தம்பிக்காரன் சட்டென்று திரும்பினான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே படிக்கட்டுப் பக்கம் ஓடினான்.

அண்ணன்காரருக்குப் பொறுக்கவில்லை. இடிப்பதிலாவது அவனுக்கு முன்னால் போய் நின்றுவிட வேண்டும் என்று அவரும் ஓடினார்.