வாசலில் நின்ற இரண்டு வரி

கணினிக்குள்ளே, விசைகளைத் தட்டும் சத்தம் தூரத்து மழைபோலக் கேட்கிற ஒரு தெரு. அங்கே ஒரு வாசலில் 'அடுக்கி' நின்றது. பைதான் மொழியில் எழுதிய பேக்கேஜ் (மென்பொருள் தொகுப்பு) ஒன்றை நிறுவியபோது கூடவே வந்த கட்டளை அது. மொத்தமே இரண்டு வரிதான். யாராவது அதன் பெயரைத் தட்டினால் உள்ளறைக்கு ஓடி, அங்கே தூங்கும் பூவரசு என்ற ஆயிரம் வரி நிரலை எழுப்பும்.

"அண்ணே, கூப்பிடுறாங்க."

"இதோ வந்துட்டேன் தம்பி."

கலைந்து கிடக்கும் புகைப்படங்களைப் பூவரசு மேகம் நகர்த்துவதுபோல மெல்ல வரிசைப்படுத்திவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். திரையில் "அடுக்கி முடித்தது" என்று மின்னும்.

நாளாக ஆக அடுக்கிக்குத் தலைகால் புரியவில்லை. 'என் பேரைத்தானே எல்லாரும் கூப்பிடுறாங்க!' அண்ணன் என்ற சொல் நின்றுபோனது. "ஏய், எந்திரி!" என்று அதட்டியது. பூவரசு சிரித்தபடியே எழுந்தது.

ஒருநாள் பழையதை நீக்கிவிட்டு, பேக்கேஜின் புதிய பதிப்பு வந்து இறங்கியது. அதை உருவாக்கியவர்கள், கட்டிய அவசரத்தில் பூவரசை உள்ளே வைக்க மறந்திருந்தார்கள். அடுக்கி மட்டும் வழக்கம்போல வாசலில் நின்றது.

பெயரைத் தட்டினார்கள். அடுக்கி உள்ளே ஓடியது. அறை காலி.

"அண்ணே... அண்ணே!"

வாசலுக்குத் திரும்பி, கண்டதைச் சொன்னது. அன்றைக்குத்தான் அண்ணனின் பெயர் முதல்முறையாகத் திரையில் வந்தது:

"பூவரசைக் காணவில்லை."